போர்ட் ஒவ் ஸ்பெயினிற் சிக்கனப் பயணம்

தோளில் ஒரு பையும் மடியிற் சிறு பணமுமாக உலகங் காணப் புறப்படுவோர், மேற்கிந்தியத் தீவுகள் செல்வர்க்கே உரியன என எண்ணி ஒதுக்கிவிடுவதுண்டு. திரினிடாட் தீவின் தலைநகராகிய போர்ட் ஒவ் ஸ்பெயின் அவ்வெண்ணத்தை மாற்றவல்லது. ஆங்குச் சிக்கனத்துக்கு வழி ஒன்றே: ஊரார் ஏறும் வண்டியில் ஏறுதல், ஊரார் உண்பதை உண்ணுதல்.

தனிவண்டி அமர்த்துவோரின் பணம் விரைவிற் கரையும். ஊராரோ, குறித்த பாதையில் ஓடும் வண்டிகளிற் பிறரோடு கூடிச் செல்வர். 'மக்சி டாக்சி' எனப்படும் சிறு பஸ்களின் நிறப்பட்டை அவை ஓடும் பகுதியை உணர்த்தும். 1968ஆம் ஆண்டில் நின்றுபோன புகைவண்டிச் சேவையின் பழைய நிலையமே இன்று அவற்றின் தரிப்பிடம். வாடகைக் கார்களின் இலக்கத்தகடு 'எச்' என்னும் எழுத்தோடு தொடங்கும். அவ்வெழுத்தில்லாத காரில் மலிவை எண்ணி ஏறுதலும், இரவிலே தனித்து நடத்தலும் ஆகா. சிக்கனம் வேறு, துணிச்சல் வேறு.

1845 முதல் 1917 வரை ஒப்பந்தத் தொழிலாளராக இந்தியர் பலர் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். சென்னைத் துறையிலிருந்து சென்றோரும் அவருட் சிலர். அவர்தம் சந்ததியார் ஆக்கிய உணவே 'டபிள்ஸ்'. பொரித்த இரு மெல்லிய அப்பங்களிடையே கடலைக் கறியை இட்டுத் தெருவோரத்தில் விற்பர். சில்லறைக் காசிலே காலைப் பசி தீரும்.

விபூதிப் புதனுக்கு முந்திய இரு நாட்களும் நிகழும் கார்னிவல் விழாவில் அறைவாடகை பன்மடங்காகும். சில வாரங்கள் முந்திச் செல்வோரோ, எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து பிறந்த 'ஸ்டீல்பான்' வாத்தியக் குழுக்களின் இரவுப் பயிற்சியைத் துணையோடு சென்று காசின்றிக் கேட்கலாம். வறியோர் குடியிருப்புகளில் வளர்ந்த அவ்விசை, வறிய பயணியையும் விருந்தினனாக ஏற்கின்றது.