கிணற்று நீரை அளக்கும் முக்கோண வாய்

நெகிரி செம்பிலானின் ஜெலுபு மாவட்டம் தித்திவங்சா மலைத்தொடரின் மழைமறைவில் உள்ளது. மலேசியாவில் மழை குறைந்த பகுதிகளுள் ஒன்று. அத்தகைய இடத்தில் செம்பனை நாற்றங்காலுக்குக் கிணற்று நீர் இறைப்போர், அது எவ்வளவு வருகிறது என்பதை அறிந்தே பங்கிட வேண்டும்.

சிறு வரத்துக்கு வாளியே போதும்: 20 லிட்டர் வாளி 10 விநாடியில் நிறைந்தால், வரத்து விநாடிக்கு 2 லிட்டர்.

பெருவரத்துக்கு வாய்க்காலின் குறுக்கே பலகையொன்றை நிறுத்தி, அதன் மேல்விளிம்பில் முனை கீழ்நோக்கிய செங்கோண முக்கோணம் வெட்டுவர். பெல்பாஸ்ட் பேராசிரியர் ஜேம்ஸ் தாம்சன் 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த முறை இது. வெட்டின் வழியே நீர் தடையின்றி விழ வேண்டும். முனைக்கு மேல் நீர்மட்டம் நிற்கும் உயரமே அளவு. வெட்டுவாயருகே மட்டம் தாழ்வதால், பலகைக்குச் சற்றுப் பின்னே அளத்தல் வேண்டும்.

உயரம் 5 செ.மீ. எனில் விநாடிக்கு ஏறத்தாழ 0.8 லிட்டர், 10 செ.மீ. எனில் 4.4 லிட்டர். உயரம் இருமடங்காகும்போது நீர் பாயும் பரப்பு நான்கு மடங்காகிறது, வேகமும் 1.4 மடங்காகிறது. ஆகவே வரத்து ஐந்தரை மடங்குக்கு மேல் பெருகுகிறது. வரத்து சிறுத்தாலும் குறுகிய முனையில் நீர் உயர்ந்து நிற்பதால், அளவு தெளிவாகத் தெரியும்.

வாரந்தோறும் எழுதிவைத்த குறிப்பு, கிணறோ இறைப்பியோ தளர்வதை நீர் நிற்குமுன்பே உணர்த்தும். ஒரு பலகையும் ஓர் அளவுகோலுமே அதற்கான செலவு.