தேக்கமும் தேக்கியவரும்

'தேக்கம்' என்றதும் பாசி படிந்த குட்டையே நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும் 1934-ல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பையும் நீர்த்தேக்கம் என்றே பெருமையுடன் அழைக்கிறோம். (வயிறு நிறைந்து விடும் ஏப்பத்திற்கும் பழையோர் வழக்கில் 'தேக்கு' என்று பெயருண்டு!)

தேங்குவது தானே நிற்பது. தேக்குவது ஒருவர் நிறுத்தி வைப்பது. அணைக்கு மதகுண்டு, திறக்க ஆளுமுண்டு, குட்டைக்கு இரண்டுமில்லை. வினையில் தெளிவாய் விளங்கும் இவ்வேற்றுமை 'தேக்கம்' என்னும் பெயரில் மறைந்துபோகிறது. அதனாற்போலும் காரியாலயங்களில் அச்சொல்லுக்கு இத்தனை செல்வாக்கு! முதியவர் ஒருவரின் உபகாரச் சம்பள மனு மாதக்கணக்கில் மேசைமீது கிடக்கிறது. கேட்டால், 'கோப்புத் தேக்கம்' என்று விடையிறுக்கிறார்கள். தேங்கியதா, தேக்கினார்களா என்று நேயர்கள் அங்கேயே கேட்கலாம்.