கடல் இருந்த தெருவில்

கதவு பாதிதான் திறந்தது. மறுபக்கம் மூட்டைகள் முட்டுக்கொடுத்திருந்தன. "இடுக்குல நுழைஞ்சு வந்துடுங்க!" என்று குரல் மட்டும் கேட்டது. சிங்கப்பூரில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் மேல்மாடி. வணிகமும் மூலதனமும் ஆசிய நகரங்களை எப்படி வளைத்து நிமிர்த்தின என்று வருடக்கணக்கில் துருவிக்கொண்டிருக்கும் ஓர் ஓவியரின் பட்டறை இது. கண்காட்சி இன்னும் திறக்கவில்லை. நாம்தான் முதலில் எட்டிப் பார்க்கிறோம், வாருங்கள்!

எங்கு திரும்பினாலும் மணல். மேசையில், ஜன்னல் விளிம்பில், குளிர்பெட்டியின் தலையில் ஜாம் பாட்டில்கள். மலேசியா, இந்தோனேசியா, கம்போடியா என்று ஒவ்வொன்றிலும் சீட்டு. கோப்பிக்குச் சீனி போடப்போன உதவியாளர் ஒருமுறை கம்போடியாவை இரண்டு கரண்டி போட்டுவிட்டாராம். அன்றிலிருந்து சீனிப் பாட்டிலில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது: 'நிஜமாகவே சீனி'.

1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. கூடியதெல்லாம் கடலைத் தூர்த்துச் சேர்த்த நிலம். மணல் விற்ற அண்டை நாடுகள் ஒவ்வொன்றாகத் தடை போட்டன: மலேசியா 1997, இந்தோனேசியா 2007, கம்போடியா 2017. "என் ஊர் யாரோட ஆத்துல இருந்து வந்துச்சுன்னு கையால தொட்டுப் பாக்கணும்ல?" என்று ஓவியர் என் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டுகிறார். நெறுநெறுக்கிறது. நடுவே நகக்கண் அளவில் ஒரு சிப்பித் துணுக்கு!

தரை முழுக்க டிரேசிங் தாளில் பழைய கரையோர வரைபடங்கள். மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கும், அதனால் யாரும் போடுவதில்லை. மூன்று பேர் முட்டிபோட்டுக் கோடு இழுக்கிறார்கள், முதுகெல்லாம் தெப்பலாக நனைந்திருக்கிறது. ஒருவர் நெற்றியிலிருந்து சொட்டிய வியர்வை நேராக மரீனா பே மேல் விழ, "கடல் திரும்பி வந்துடுச்சு!" என்று இன்னொருவர் கத்துகிறார். வேலை சற்று நேரம் நின்றே போனது.

இன்னொரு பக்கம் தரையில் ஒரு துறைமுகம். வண்ணம் பூசிய தீப்பெட்டிகள்தான் கன்டெய்னர்கள். சிங்கப்பூர் ஆற்றில் படகிலிருந்து கிடங்குக்கு ஒற்றைப் பலகையில் மூட்டை தூக்கிய காலத்தை, 1972இல் தஞ்சோங் பகாரில் திறந்த கன்டெய்னர் துறைமுகம் முடித்துவைக்கத் தொடங்கியது. 1983இல் படகுகளும் ஆற்றைவிட்டுப் போயின. இப்போது நகருக்கு அந்தத் துறைமுகத்தின் இடமும் வேண்டும். துறைமுகம் மேற்கே துவாஸுக்கு நகர்கிறது. ஓவியர் இரண்டு கையாலும் தீப்பெட்டிகளைத் தரையோடு தள்ளிக்கொண்டு ஓடிக் காட்டுகிறார்!

என் மனசு நின்றது மூலையில் கிடந்த ஒரு பாயில்தான். அதன்மேல் ஒரு கைப்பெட்டி. "உக்காருங்க" என்றார். சம்மணம் போட்டேன். மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் செட்டியார்களின் வட்டிக்கடைகள் இப்படித்தான் நடந்தன. தனி அறை கிடையாது. பாய், பெட்டி, கணக்குப் புத்தகம், அவ்வளவே. மலாயாவின் ஈயச் சுரங்கத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் கடன் போனது இந்தத் தரைமட்டத்திலிருந்து. கிட்டங்கிகள் இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கோபுரங்கள். அங்கே புரளும் பணத்துக்கு முன்னோடி இந்தப் பெட்டி என்று நினைத்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அப்புறம் எல்லோரும் நீலச் சாக்குக்கட்டியோடு தெலுக் ஆயர் தெருவுக்குக் கிளம்பினோம். உச்சி வெயில். தென்னிந்திய முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை கட்டிய நாகூர் தர்கா இங்கே கடலைப் பார்த்து நின்றது. பத்திரமாகக் கரையேறியவர்கள் நன்றி சொன்ன இடம். 1879இல் தொடங்கிய தூர்ப்பு வேலை கடலை அப்பால் தள்ளிவிட்டது. ஓவியர் குனிந்து பழைய கரையை நடைபாதையில் இழுத்துக்கொண்டே போகிறார். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வரும் அலுவலகக் கூட்டம் கோட்டைத் தாண்டித் தாண்டிப் போகிறது. ஒரு பெண் மட்டும் நின்று, குதிகால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, 'அலையில்' கால் நனைப்பதுபோல் படம் எடுத்துக்கொண்டார்!

எதிர்க் கட்டடத்துக் காவலாளி வேகமாக வந்தார், நம்மூர்க்காரர். "என்ன சார் இது, அனுமதி இருக்கா?" ஓவியர் காகிதத்தை நீட்டினார். நான் விஷயத்தைச் சொன்னேன். கோட்டைப் பார்த்தார், தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ இத்தனை வருஷமா நான் தண்ணிக்குள்ளயா டூட்டி பாக்குறேன்?"

அதைக் கேட்டதும் ஓவியர் சாக்குக்கட்டியைக் கீழே போட்டுவிட்டு நோட்டுப் புத்தகத்தைத் தேடினார். கண்காட்சியின் நுழைவுச் சுவருக்கு வாசகம் கிடைத்துவிட்டதாம்!