புகைப்பழக்கத்தைக் கைவிட மின் சிகரெட் உதவுமா?

மின் சிகரெட்டில் புகையிலை எரிவதில்லை. மின்கலத்தால் சூடேறும் சிறு கம்பிச்சுருள், நிகோடின் கலந்த திரவத்தை ஆவியாக்குகிறது. புகைப்பவர் அந்த ஆவியை இழுக்கிறார். இன்றைய வடிவத்துக்கு 2003-இல் வழிவகுத்தவர் சீன மருந்தாளுநர் ஹோன் லிக்.

சிகரெட்டுக்கு ஒருவரை அடிமையாக்குவது நிகோடின். ஆனால் புற்றுநோய்க்கும் நுரையீரல் நோய்க்கும் முக்கியக் காரணம், புகையிலை எரியும்போது உண்டாகும் நச்சுப் பொருள்கள். புகையை நீக்கி நிகோடினை மட்டும் கொடுத்தால் பழக்கத்திலிருந்து மீள்வது எளிதாகும் என்ற எண்ணத்தில்தான் நிகோடின் பேட்ச், சூயிங்கம் போன்றவை வந்தன. விரலிடுக்கில் பிடித்து இழுத்து ஊதும் பழக்கத்துக்கும் மின் சிகரெட் மாற்றாக அமைகிறது. இந்தக் கூடுதல் அம்சம் பலன் தருகிறதா என்பதைப் பல ஆய்வுகள் சோதித்துள்ளன.

நியூசிலாந்தில் 657 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானது. ஆறு மாதத்துக்குப் பின் புகைக்காதிருந்தவர்கள், நிகோடின் உள்ள மின் சிகரெட் பயன்படுத்தியோரில் 7.3 சதவீதம், பேட்ச் ஒட்டியோரில் 5.8 சதவீதம். உறுதியாக எதையும் சொல்ல இந்த இடைவெளி போதவில்லை. அக்காலக் கருவிகள் தந்த நிகோடினும் குறைவு.

பிரிட்டனில் 886 பேர் பங்கேற்ற, 2019-இல் வெளியான ஆய்வில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஓராண்டுக்குப் பின் மின் சிகரெட் குழுவில் 18 சதவீதம் பேரும், பேட்ச், சூயிங்கம் போன்றவற்றைப் பெற்ற குழுவில் 9.9 சதவீதம் பேரும் சிகரெட்டை விட்டிருந்தனர். மூச்சுக்காற்றில் உள்ள கார்பன் மோனாக்சைடை அளந்து இது உறுதி செய்யப்பட்டது. இரு குழுவினருக்கும் வாராந்திர ஆலோசனையும் கிடைத்தது. ஆனால் முதல் குழுவில் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் மின் சிகரெட்டைத் தொடர்ந்தனர். மற்றக் குழுவில் தமக்குத் தரப்பட்ட நிகோடின் மாற்றைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதமே.

சுவிட்சர்லாந்தில் 1,246 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. ஆலோசனையுடன் மின் சிகரெட் பெற்றோரில் 28.9 சதவீதம் பேரும், ஆலோசனை பெற்ற மற்றவர்களில் 16.3 சதவீதம் பேரும் ஆறு மாதம் சிகரெட்டைத் தொடவில்லை. நிகோடினையே முழுமையாக விட்டவர்களோ, மின் சிகரெட் பெறாத குழுவில்தான் அதிகம்.

சிகரெட்டை விடாமல், எண்ணிக்கையை மட்டும் குறைப்பவர்களுக்குப் பலன் சொற்பம். நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலும், இருபது பிடிப்பவருக்குக் கூடும் இதயநோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்று 2018-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. பகலில் மின் சிகரெட், இரவில் வழக்கமான சிகரெட் என இரண்டையும் வைத்துக்கொள்பவர் இந்த அபாயத்திலிருந்து தப்புவதில்லை.

சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு என்பதால் மின் சிகரெட் தீங்கற்றது ஆகிவிடாது. பல பத்தாண்டுகள் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நீண்டகாலத் தரவு இன்னும் சேரவில்லை. அமெரிக்காவில் 2019-இல் பரவிய கடும் நுரையீரல் பாதிப்பில் 68 பேர் இறந்தனர். கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் அதற்கு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. சிகரெட்டையே தொடாத இளைஞர்களும் பழச்சுவை மின் சிகரெட்டால் நிகோடினுக்கு அடிமையாகும் ஆபத்து உண்டு.

ஆகவே நாடுகளின் கொள்கைகளும் பிரிந்து நிற்கின்றன. பத்து லட்சம் புகைப்பவர்களுக்கு மின் சிகரெட் வழங்கும் திட்டத்தை இங்கிலாந்து 2023-இல் அறிவித்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகைகளை பிரிட்டன் 2025 ஜூனில் தடை செய்தது. இந்தியாவில் மின் சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தும் 2019 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. இங்கே புகைப்பழக்கத்தை விட விரும்புவோருக்கு நிகோடின் சூயிங்கம், பேட்ச், மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகள், 1800-11-2356 என்ற கட்டணமில்லா ஆலோசனை எண் ஆகியவை உள்ளன.