பதிவேற்றம் தடுமாறுவது எதனால்?

டில்லி, மும்பை, புனே, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு முறையீடு அடிக்கடி எழுகிறது. ஊரிலுள்ள தாயாருடன் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேச அமர்ந்தால், அவர் உருவம் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. நம் உருவமோ அவருக்குப் பாதியில் உறைந்து நின்றுவிடுகிறது. வீட்டிலிருந்தே அலுவல் புரிவோர்க்கு இது பிழைப்பைத் தொடும் குறை. இணையவழி நேர்முகத் தேர்வுக்கு அமர்ந்திருக்கும் பிள்ளைக்கோ அந்த அரை மணி நேரம் மறுபடி வாய்ப்பதில்லை. வந்து பார்க்கும் ஊழியர் வேகத்தைச் சோதித்து, "விநாடிக்கு நூறு மெகாபிட் வருகிறதே" என்று சொல்லிச் சென்றுவிடுகிறார். அவர் சொல்வது பொய்யன்று. வருவதில் குறையில்லை, போவது எவ்வளவு என்பதே கேள்வி.

பதிவிறக்கமும் பதிவேற்றமும் ஒரே கம்பியில் நடந்தாலும் இரண்டுக்கும் பாதைகள் வேறு. தொலைபேசியின் செம்புக் கம்பி வழியே பிராட்பேண்டு வந்த நாளில், 138 கிலோஹெர்ட்ஸுக்கு உட்பட்ட சிறு பகுதியையே பதிவேற்றத்துக்கு ஒதுக்கினர். அதற்கு மேற்பட்ட அகன்ற பகுதி பதிவிறக்கத்துக்குப் போயிற்று. நகரங்களில் இன்று பரவியுள்ள ஃபைபர் இழையிலும் இவ்வேற்றுமை அடியோடு மறையவில்லை. நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை, ஸ்பிளிட்டர் என்னும் சிறு கருவியால் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. பரவலாக வழங்கும் ஜிபான் முறையில், அவ்வீடுகள் அனைத்துக்கும் பொதுவாக, வரும் திசையில் விநாடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட்டும், போகும் திசையில் அதில் பாதியும் உண்டு. வரும் திசை வானொலி நிலையம் போன்றது: ஒருவர் பேச, எல்லா வீடுகளும் கேட்டுத் தமக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. போகும் திசையில் எல்லோரும் ஒருசேரப் பேசினால் ஒன்றும் விளங்காது. ஆகவே நிலையத்துக் கருவி ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைத்து நேரம் பங்கிட்டுத் தருகிறது.

நம் திட்டத்தில் பதிவேற்ற வேகம் எவ்வளவு என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். 2023 ஜனவரியில் அரசாங்கம் பிராட்பேண்டின் குறைந்தபட்ச வேகத்தை 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தியது. ஆனால் அவ்வரையறை பதிவிறக்கத்தைப் பற்றியதே. தெளிவான காணொளி உரையாடலுக்கு மேல்நோக்கி விநாடிக்குச் சுமார் 1 முதல் 4 மெகாபிட் போதும். அளவு பெரிதன்று, அது நிலையாக இருத்தலே முக்கியம்.

குறை வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று பிரித்தறிவது அடுத்த வேலை. கணினியை ரௌட்டருடன் கம்பியால் இணைத்து, காலை, இரவு ஒன்பது மணி, நள்ளிரவு என மூன்று வேளையும் பதிவேற்ற வேகத்தை அளந்து குறித்துக்கொள்க. கம்பியில் நிலையாகவும் வைஃபையில் தள்ளாடியும் இருந்தால், ஊழியரை அழைக்க வேண்டுவதில்லை. ரௌட்டரின் குரல் வலியது. கைப்பேசியின் குரல் மெலியது. சுவருக்கு அப்பாலிருந்து ரௌட்டர் சொல்வது கைப்பேசிக்குக் கேட்கும். கைப்பேசி சொல்வது ரௌட்டருக்குச் சரிவரக் கேளாது. வைஃபை மெலியும்போது பதிவேற்றம் முதலில் தளர்வது இதனாலேயே. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. அவற்றில் இருபது வீடுகள் நெருக்கியடிக்கின்றன. ரௌட்டரை இரும்பு அலமாரியின் பின்னிருந்து வெளியே எடுத்து, அதே அறையில் 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்துப் பார்த்தால் பாதிக் குறை தீரக்கூடும்.

கம்பியிலும் தடுமாற்றம் இருந்தால், வீட்டில் வேறு யார் அனுப்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நாம் அறியாமலே கைப்பேசிகள் படங்களைச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்; வாசற் காமிரா இரவும் பகலும் காட்சியை அனுப்பிக்கொண்டிருக்கும். பாதை கொள்ளாதவற்றை ரௌட்டர் வரிசையில் நிறுத்துகிறது. அவ்வரிசை மிக நீண்டுவிட்டால், உரையாடலின் சிறு பொட்டலங்களும் படங்களின் பின்னே சிக்கிக்கொள்கின்றன. பயணச்சீட்டுச் சாளரத்தில் ஒருவர் ஐம்பது பேருக்குச் சீட்டு வாங்க நின்றால், ஒற்றைச் சீட்டுக்கு வந்தவரும் காத்திருக்க வேண்டியதுதானே! ஜிம் கெட்டிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 2010-இல் தம் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டறிந்து, பஃபர்புளோட் என்று பெயரிட்டார். பெரிய கோப்பொன்றை ஏற்றிக்கொண்டே பிங் சோதனை செய்க. 20 மில்லிநொடி சில நூறாக ஏறினால் நோய் இதுவே. எஸ்.கியூ.எம். என்னும் வசதியுள்ள ரௌட்டரில், பதிவேற்ற வரம்பை அளந்த வேகத்தின் பத்தில் ஒன்பது பங்காக வைத்தால் வரிசை நீளாது. அவ்வசதி இல்லையேல், படங்கள் ஏறுவதை நள்ளிரவுக்குத் தள்ளிவைப்பது எளிய வழி.

இவ்வளவும் செய்தும் மாற்றமில்லையென்றால் குறை வெளியில் உள்ளது. கதவிடுக்கில் நசுங்கிய இழையும், தூசு படிந்த இணைப்பு முனையும் ஒளியைக் குறைக்கும். ஃபைபர் பெட்டியின் பக்கத்தில், வந்து சேரும் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் காட்டப்படும். கழித்தற் குறி சிலரைக் குழப்பும்: -20 நன்று, -27 விளிம்பு. ஆனால் நம் பெட்டியிலிருந்து புறப்படும் ஒளி எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதை நிலையத்தில்தான் காண இயலும். "அங்கே எங்கள் ஒளி எவ்வளவு வருகிறது?" என்று கேட்பதே சரியான கேள்வி. தன் முறை வருமுன் ஒளியைச் செலுத்தும் பழுதான பெட்டி ஒன்று அண்டை வீட்டில் இருந்தாலும், அவ்விழையிலுள்ள அனைவர் பதிவேற்றமும் கெடும். இதையும் நிலையத்தாரே தேடிப் பிடிக்க வேண்டும். மாலைதோறும் தளர்ந்து நள்ளிரவில் சீராகும் வேகம், பெரும்பாலும் நெரிசலின் அடையாளம். அதற்கு வீட்டில் மருந்தில்லை.

மராத்தியிலோ இந்தியிலோ வாதாடத் தயங்குவோர்க்கு மூன்று வேளைக் குறிப்பேடு பெருந்துணை. எண்களை எவரும் படிப்பர். முறையீட்டை நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து புகார் எண் பெறுக. தீர்வில் நிறைவில்லையேல், அந்நிறுவனத்திலேயே உள்ள மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அங்கு முதலில் கேட்கப்படுவது அந்த எண்ணே. "பார்க்கிறோம்" என்று மட்டும் சொன்னால், அழைப்பை வைத்துவிடாமல் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறிப்பேட்டிலேயே எழுதி வைத்துக்கொள்க.