நீர்மூழ்கி ஏன் காதை நம்புகிறது?

தன்னாமுனை வாவிக்கரையில் இருந்து கைத்தொலைபேசியில் நீர்மூழ்கிப் போர் விளையாடினாலும், எதிரியைத் தேட ரேடார் உதவாது, ஒலியால் தேடும் சோனார்தான் வேண்டும். ஏன்? ரேடாரின் வானொலி அலைகளை உப்புநீர் விரைவில் உறிஞ்சிவிடும். ஒளியும் ஆழத்தில் மங்கிவிடும். ஒலியோ நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் ஓடும். காற்றில் அதன் வேகம் 340 மீற்றர்தான்.

தூரத்தை அறிவது எப்படி? அனுப்பிய ஒலி 2 நொடியில் எதிரொலித்துத் திரும்பினால், போய்வந்த தூரம் 3,000 மீற்றர். எதிரி நிற்பது 1,500 மீற்றரில். ஆனால் ஒலி எழுப்பினால் நம் இடமும் தெரிந்துவிடும். அதனால் நீர்மூழ்கிகள் பெரும்பாலும் ஓசையின்றி, எதிரியின் இயந்திர இரைச்சலைக் கேட்டே தேடுகின்றன.

மறைவது எப்படி? கடலின் மேல்நீர் வெதுவெதுப்பு, கீழ்நீர் குளிர். குளிர்நீரில் ஒலி மெதுவாகச் செல்வதால் அது கீழ்நோக்கி வளைகிறது. சில இடங்களுக்கு எட்டுவதேயில்லை. அங்கே பதுங்கலாம்.

துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, கல்லடி வாவியில் ‘பாடும் மீன்’ ஓசையைக் கேட்கும் வழக்கத்தின் அறிவியலும் நீரில் ஒலி நன்றாகப் பரவுவதுதான்: நீரின் அதிர்வை மரம் காதுக்குக் கடத்துகிறது. நீர்மூழ்கியும் காதையே நம்புவதால், விளையாட்டில் வெல்ல முதலில் வேகத்தைக் குறையுங்கள். வேகம் குறைந்து நம் இரைச்சல் அடங்கினால்தான் எதிரியின் இரைச்சல் கேட்கும்.