ஒரே வெயிலில் வி.பி. தேயிலை வாட, விதைத் தேயிலை மட்டும் தாங்குவது ஏன்?

ஜனவரி முதல் மார்ச் வரை ஹட்டன் பக்கம் பாருங்கள். மழையில்லாத வருடத்தில் வி.பி. மலையில் கொழுந்து கருகும். பக்கத்துப் பழைய விதைத் தேயிலை பச்சையாகவே நிற்கும். எப்படி?

விடை மண்ணுக்குள் இருக்கிறது. விதையில் முளைத்த செடிக்கு ஆணிவேர் உண்டு. வி.பி. தேயிலையோ தவறணையில் தண்டுத் துண்டிலிருந்து வளர்வது. அதற்கு ஆணிவேர் கிடையாது. வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவும்.

கிணற்றில் நீர் இறங்கினால் குட்டைக் கயிற்று வாளி வெறுமையாகத்தானே திரும்பும்? அதேபோல, மேல்மண் முதலில் காயும். ஆழத்தில் ஈரம் தங்கும். நீர் எட்டாத செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். காற்று உள்ளே வராது, உணவு தயாராகாது, கொழுந்தும் வராது.

பிறகு ஏன் வி.பி.? விளைச்சல் அதிகம். அதிலும் ரகத்துக்கு ரகம் வேறுபாடு உண்டு: தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2025 வறட்சியைத் தாங்கும், டி.ஆர்.ஐ. 2023 சீக்கிரம் வாடும்.

வறட்சியைத் தாங்க மேட்டுநில நெல்லுக்கும் ஆழ இறங்கும் வேர்தான் வழி. 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிலிப்பைன்ஸ் மேட்டுநில நெல்லின் மரபணு ஒன்றை ஐ.ஆர்.64 ரகத்தில் சேர்த்துக் காட்டினார்கள். பக்கவாட்டில் ஓடிய வேர் செங்குத்தாக இறங்கியது. வறட்சியிலும் நெல்மணி பிடித்தது.

வேர் இறங்க மண்ணும் இளகியிருக்க வேண்டும். புதுத் தேயிலைக் கன்று நடுமுன் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றுவது அதற்கும்தான்.